இன்டர்வியூ பிள்ளைக்கா, பெற்றோருக்கா? பள்ளிக்கூட வாசலுக்கு முன் ஒரு தயாரிப்பு

பொங்கல் முடிந்து வாசலில் கிடக்கும் கரும்புச் சக்கை காய்வதற்குள் ஃப்ளெக்ஸ் போர்டுகள் முளைத்துவிடுகின்றன. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலை, குற்றாலம் போகும் சாலை, கடையநல்லூர் பக்கம் என்று எங்கு பார்த்தாலும் 'அட்மிஷன் நடைபெறுகிறது'. கோட்டு போட்டு, டை கட்டி, பல் தெரியச் சிரிக்கும் ஒரு குழந்தையின் படம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மூன்றரை வயதுப் பிள்ளை வைத்திருக்கும் அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ பிசைகிறது.

அன்று சாயங்காலமே வீட்டில் ரிகர்சல் தொடங்கிவிடும். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று அப்பா கேட்க வேண்டும். பிள்ளை பதில் சொல்ல வேண்டும். கலர் பெயர் பத்து, பழம் பத்து, ஏ முதல் இசட் வரை. சொந்தக்காரர்கள் வந்தால் அவர்கள் முன்னாலும் ஒரு தடவை. பாதியில் பிள்ளை ஆச்சியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால், "அங்க போயும் இப்படி வாயைத் தொறக்காம நின்னா சீட்டு கிடைக்காது, பாத்துக்கோ" என்று ஒரு மிரட்டல்.

இந்தப் பதற்றத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பீடி சுற்றிச் சேர்த்த காசிலும், வளைகுடாவில் இருந்து அப்பா அனுப்பும் பணத்திலும் ஃபீஸ் கட்டும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்த வீடுகளுக்கு ஒரு 'நல்ல ஸ்கூல்' சீட்டு என்பது அடுத்த தலைமுறை ஏறப்போகும் ஏணி. ஆனால், ஏணியைப் பிடிக்கும் அவசரத்தில் பிள்ளையை எதற்குத் தயார்படுத்துகிறோம் என்பது மாறிப்போகிறது. பத்து நிமிட இன்டர்வியூவுக்குத் தயார்படுத்துகிறோம். அதற்குப் பிறகு வரும் பத்து மாத வகுப்பறையை மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்காகத்தான் இந்தச் சட்டம் நம்மிடையே பிரபலம். ஆனால், இதன் 13-வது பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சேர்க்கையின்போது நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தையைச் சலித்தெடுக்கும் தேர்வு எதுவும் நடத்தக் கூடாது; நடத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். இடங்கள் குறைவாக இருந்து விண்ணப்பங்கள் கூடுதலாக இருந்தால், குலுக்கல் போன்ற முறையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. குழந்தையை மட்டுமல்ல, பெற்றோரையும் அப்படித் தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 'நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன், எனக்கு இங்கிலீஷ் வராது, என்னால பிள்ளைக்கு சீட்டு போயிடுமோ' என்று பயந்து, தன்னை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு படித்த மதினியையோ சித்தியையோ அனுப்பிவைக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த வரி அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் சேர்க்கைக்கு நீங்களே போங்கள். தமிழில் பேசுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்கள். அப்படியானால் எல்.கே.ஜி-க்கு? இந்தக் கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் பள்ளிகளின் நர்சரி வகுப்பில் 25 சதவீத ஒதுக்கீடு போக மீதமுள்ள 75 சதவீத இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2013-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. ஒன்றாம் வகுப்பு சேர்க்கையில் சட்டம் தெளிவாக இருக்கிறது, எல்.கே.ஜி-யில் அந்தத் தெளிவு இல்லை. இந்த இடைவெளியில்தான் 'இன்டர்வியூ', 'இன்டராக்‌ஷன்' என்று பெயர் மாற்றிப் பல காரியங்கள் நடக்கின்றன.

இவ்வளவுக்கும், நர்சரி சேர்க்கையில் தேர்வும் நேர்காணலும் கூடாது, அதற்குத் தடை வேண்டும் என்று யஷ்பால் குழு 1993-லேயே பரிந்துரைத்துவிட்டது. அந்தக் குழு அமைவதற்கு முன்பே இந்த விஷயத்துக்காகக் குரல் கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர். எழுத்தாளர் ஆர்.கே.நாராயண், 1989-ல் மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சே குழந்தைகளின் புத்தகப் பை சுமையைப் பற்றித்தான்.

'சும்மா பாக்கத்தான் கூப்பிடுறாங்க' என்றால்?

சட்டம் இருந்தாலும், 'பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க' என்று பள்ளியில் சொன்னால் போகாமல் இருக்க முடியுமா? முடியாதுதான். போகும்போது இவற்றை மட்டும் செய்யுங்கள்.

பிள்ளையிடம் அதை இன்டர்வியூ என்று சொல்லாதீர்கள். 'ஒரு புது ஸ்கூலைப் பார்க்கப் போறோம், அங்க ஒரு மிஸ் இருப்பாங்க, உன்கிட்ட பேசுவாங்க' என்றால் போதும். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். பிள்ளை பதில் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருந்து நீங்கள் கிசுகிசுக்க வேண்டாம். புது இடத்தில், புது ஆளிடம் பேசாமல் நிற்பது மூன்று வயதின் இயல்பு. அது மக்குத்தனம் இல்லை என்பது அனுபவமுள்ள எந்த டீச்சருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் 'ஏன் சொல்லல? வீட்டுல நல்லாத்தானே சொன்னே!' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விதான் பிள்ளையின் மனதில் 'ஸ்கூல்னா நான் தோத்துப்போன இடம்' என்று பதிகிறது. ஜூன் மாத அழுகையில் பாதி, மார்ச் மாதத்தில் அந்த வாசலில் வைத்து நாம் கேட்ட கேள்வியிலிருந்து வருகிறது.

நன்கொடை கேட்டாலோ, ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு வைத்தாலோ, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தனியார் பள்ளிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த ஃபீஸ் உண்டு. 'கமிட்டி ஃபீஸ் எவ்வளவு?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

டீச்சர் நிஜமாக எதிர்பார்ப்பது என்ன?

ஒன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு டீச்சருக்கு ஏ, பி, சி, டி தெரிந்த பிள்ளையைவிட, டிபன் பாக்ஸைத் தானே திறக்கத் தெரிந்த பிள்ளைதான் பெரிய உதவி. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பது மூடியையும் ஒருவரே திறக்க வேண்டியிருந்தால், சாப்பாட்டு நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வீட்டில் இவற்றைப் பழக்கலாம்:

* சாப்பாடு: தன் கையால் சாப்பிடுவது. கொண்டுபோகப்போகும் அதே டப்பாவிலும் பாட்டிலிலும் இப்போதே சாப்பிட்டு, குடித்துப் பழகட்டும்.

* கழிப்பறை: 'மிஸ், பாத்ரூம் போகணும்' என்று அடக்கிவைக்காமல் சொல்வது. பட்டனும் பெல்ட்டும் தானே கழற்ற வரவில்லை என்றால், முதல் சில மாதங்களுக்கு எலாஸ்டிக் வைத்த கால்சட்டை போதும். கழுவி, கையை சோப்புப் போட்டுக் கழுவும் வரை தானே செய்யட்டும். இது வராததால்தான் பல பிள்ளைகள் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் வீடு திரும்புகிறார்கள்.

* பொருள்: தன் பை, தன் பாட்டில், தன் செருப்பு எது என்று அடையாளம் தெரிவது. ஒரே நிற ஷூ ஐம்பது கிடக்கும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பிள்ளை தேடி அழாது.

* வரிசை: தன் முறை வரும்வரை காத்திருப்பது. தாயக்கட்டையும் பரமபதமும் இதைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எந்த ஒர்க்‌ஷீட்டும் சொல்லிக்கொடுக்காது. தோற்றால் அழாமல் அடுத்த ஆட்டத்துக்கு உட்காரவும் அதில்தான் பழகுகிறார்கள்.

* கதை: ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்பது, பிறகு, அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. ஆச்சி சொல்லும் நரிக்கதையே போதும்.

* பிரிவு: அம்மா இல்லாமல் அரை நாள் இருந்து பழகுவது. அத்தை வீட்டிலோ ஆச்சி வீட்டிலோ விட்டுப் பாருங்கள். விடும்போது பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவி வராதீர்கள். 'போயிட்டு நாலு மணிக்கு வாரேன்' என்று சொல்லி, அதே நாலு மணிக்கு வந்து நில்லுங்கள். அம்மா சொன்னால் வருவாள் என்ற நம்பிக்கைதான் முதல் நாள் அழுகையைக் குறைக்கும் மருந்து.

* பாதுகாப்பு: முழுப் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், ஒரு போன் நம்பர். தன் உடம்பில் யாரும் தொடக் கூடாத இடங்கள் எவை, யாராவது தொட்டால் வீட்டில் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் கழகம் 2021-ல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'வித்யா பிரவேஷ்' என்ற மூன்று மாதத் தயாரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அது முழுக்க விளையாட்டு அடிப்படையிலானது. தயாரிப்பு என்றாலே நோட்டும் பென்சிலும்தான் என்று நினைக்கிறோம்; நாட்டின் பாடத்திட்டம் எழுதுகிறவர்களே அப்படி நினைக்கவில்லை.

எழுதச் சொல்லாதீர்கள், பிசையச் சொல்லுங்கள்

மூன்று வயதுப் பிள்ளையின் விரல் எலும்புகளும் தசைகளும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலால் சரியாகப் பிடிக்கும் பக்குவம் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் வருகிறது. அதற்கு முன்னால் கையைப் பிடித்து நூறு 'ஏ' போடவைத்தால் கை வலிக்கும், எழுத்தின் மேல் வெறுப்பு வரும்.

விரலுக்குப் பலம் வர நம் வீட்டிலேயே வேலைகள் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கருவேப்பிலை உருவுவது, பூ கட்டும்போது நூலைப் பிடிப்பது, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் கோடு இழுப்பது. விஜயதசமியன்று நெல்லில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் வழக்கத்தில், கைக்குப் பென்சில் வருவதற்கு முன் விரலுக்கு எழுத்து வருகிறது. மரியா மாண்டிசோரி தன் பள்ளிகளில் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவவைத்ததும் இதே யோசனைதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, நம் ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி கொடுத்தவர்.

எண்ணுவதற்கும் நம்ம ஊரே பாடப்புத்தகம். ஐந்தருவிக்குப் போனால் எத்தனை கிளை விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்துக்கு எத்தனை நிலை என்று கீழிருந்து எண்ணட்டும், ஒன்பது வரும். பல்லாங்குழியில் 14 குழிக்கும் முத்துப் போட்டு எடுக்கும் பிள்ளைக்கு, கூட்டலும் கழித்தலும் பின்னால் புதிதாகத் தெரியாது. ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம் 'ஏழு புளியங்கொட்டை எடுத்துட்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். நிஜமாக எண்ணத் தெரிகிறதா என்பது அப்போது தெரியும்.

வீட்டுத் தமிழை வெட்டாதீர்கள்

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறோம் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, 'கம் ஹியர், சிட் டவுன், ஈட்' என்று மூன்று சொல்லில் குடும்பம் நடத்தும் வீடுகள் கூடிவருகின்றன. இதனால் பிள்ளைக்கு இங்கிலீஷும் முழுதாக வருவதில்லை, தமிழும் நிற்பதில்லை. பிள்ளை தொடக்கத்தில் கற்க மிகச் சிறந்த மொழி தாய்மொழியே என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. 'ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு' என்று நம் மொழியில் நீளமாகப் பேசிப் பழகிய பிள்ளை, அடுத்த மொழியையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 'அவிய வந்தாவ' என்று நெல்லைத் தமிழில் பேசினால் திருத்தி அழவைக்காதீர்கள். அது பிள்ளையின் வீடு.

நம் பக்கத்து மனிதர்கள் கடல் கடந்தும் இதை விடவில்லை. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள் அமைத்த சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946-ல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது.

அதே சிங்கப்பூரில் இன்று தொடக்கப் பள்ளி சேர்க்கைக்குக் கடும் போட்டி. பள்ளிக்கு 1 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒரு கட்டத்தில் முன்னுரிமை பெற, பெற்றோர் அந்தப் பள்ளியில் 40 மணி நேரம் தொண்டூழியம் செய்கிறார்கள். அப்படியும் இடம் போதாவிட்டால் குலுக்கல். பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. உள்ளே சேர்ந்த பிறகும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு 2019 முதல் மதிப்பெண் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். போட்டிக்குப் பெயர்போன நாடே பிள்ளைகளை அதிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது.

ஜூன் மாதமும் சாரலும்

மற்ற ஊர்களில் வெயிலோடு பள்ளி திறக்கும். நமக்குப் பள்ளி திறப்பும் குற்றாலம் சீசனும் ஒன்றாக வரும். காற்றும் சாரலுமாக, விடிந்தும் விடியாத மாதிரி இருக்கும் காலையில், ஏழேகாலுக்கு வேனுக்கு நிற்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்தே தூக்கத்தை மாற்றத் தொடங்குங்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஆறு மணிக்கு எழ வேண்டுமானால் எட்டரைக்குள் படுக்க வேண்டும். அப்படியானால் வீட்டில் டி.வி-யும் போனும் எட்டு மணிக்கே அணைய வேண்டும், பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான்.

பையில் ஒரு மாற்று உடுப்பு, சின்னத் துண்டு, ஈரத்தை வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர். 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய டி.பி.டி இரண்டாவது ஊக்கத் தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடலாம். பிள்ளை 'கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்று தோன்றினால், திட்டுவதற்கு முன் காதையும் கண்ணையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 5 வயது முடிந்ததும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்கவும் மறக்க வேண்டாம்.

பை கனமாக இருந்தால் பள்ளியில் தயங்காமல் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 மே மாதம் உத்தரவிட்டது நம் சென்னை உயர் நீதிமன்றம். 15 கிலோ பிள்ளைக்கு ஒன்றரை கிலோ. தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து ஒருநாள் எடை போட்டுப் பாருங்கள்.

எந்தப் பள்ளி?

'நல்ல ஸ்கூல்' என்பதற்குப் பெரும்பாலும் நாம் வைத்திருக்கும் அளவுகோல் கட்டடமும் பஸ்ஸும்தான். இவற்றையும் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? டீச்சர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா? வேனில் போக எவ்வளவு நேரம்? நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வேனில் கழித்தால், எவ்வளவு நல்ல பள்ளியானாலும் அங்கே போய்ச் சேர்வது களைத்துப்போன பிள்ளைதான்.

பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியையும் ஒரு நாள் உள்ளே போய்ப் பாருங்கள். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்குப் பிறகு, முதல் மூன்று வகுப்புகளில் ஆட்டம், பாட்டு, அட்டைகள் என்று கற்பிக்கும் முறை மாறியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

தனியார் பள்ளிதான் என்றால், வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எல்.கே.ஜி அல்லது ஒன்றாம் வகுப்பில் சேரலாம். நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் ஆன்லைனில் விண்ணப்பம். கூடுதலாக வந்தால் குலுக்கல். 2025-ல் மத்திய அரசு நிதி வராத சிக்கலில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

சீட்டு கிடைக்காவிட்டால்...

கேட்ட பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம். அன்று வீட்டில் நாம் பேசுவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும். 'இவன் பேசாததாலதான் போச்சு', 'அவ அக்கா மகளுக்குக் கிடைச்சிட்டு' என்று போனில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அதன் காதில் விழும். நாலு வயதில் ஒரு பிள்ளை எதிலும் தோற்பதில்லை. ஒரு பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அதைப் பிள்ளையிடமும், மாமியார், நாத்தனார் உட்பட எல்லோரிடமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

கிடைத்த பள்ளியை 'சரி, வேற வழியில்ல' என்ற முகத்தோடு காட்டாதீர்கள். ஒரு சாயங்காலம் பிள்ளையை அந்த வழியாக நடத்திக் கூட்டிப்போய், 'இதுதான் உன் ஸ்கூல், அந்த வேப்பமரத்தடியில விளையாடலாம்' என்று சொல்லுங்கள். அம்மாவுக்குப் பிடித்த இடம் என்று தெரிந்தால், பிள்ளைக்கும் அது பிடித்துப்போக அதிக நாள் ஆகாது.

அடுத்த வாரம்: திருப்பி வரும் டிபன் பாக்ஸ். சாரல் காலத்தில் ஆறிப்போகாமல், பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிட என்ன கொடுத்துவிடலாம்?